வூஃபர் போட்டால் சத்தம் கூடுமா? கார் ஆம்ப், சப்வூஃபர் பற்றி முதலிலிருந்து

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பாருங்கள். கடை வாசலில் டிக்கியைத் திறந்து வைத்த கார்கள், தரையில் சுருள் சுருளாகச் சிவப்பு வயர், சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து வேலை பார்க்கும் பையன்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணே, ஸ்டீரியோ கம்பெனிதே இருக்கட்டும். பேஸ் மட்டும் நல்லா அடிக்கணும். ஒரு ஆம்ப்பு, ஒரு வூஃபர் போட்டுடுங்க."

"எத்தன வாட்ஸ் போடலாம் தம்பி?"

"இருக்கறதுலயே பெருசா பார்த்துப் போடுங்கண்ணே."

இந்த மூன்று வரியிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. வூஃபர் என்றால் சத்தம், ஆம்ப் என்றால் இன்னும் சத்தம், வாட்ஸ் என்றால் அந்தச் சத்தத்தின் அளவு என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்போடு பணத்தைக் கொட்டி, கண்ணாடி அதிரும் ஆனால் பாட்டு கேட்காத கார்களோடு வீடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்), கடைப்பேச்சில் வூஃபர் எனப்படும் சப்வூஃபரும் காருக்குள் வருவது வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள. யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், அதற்கான தெம்பு எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும் புரிந்துவிட்டால், கடையில் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மிருதங்கத்துக்கு ஏன் இரண்டு முகம்?

மிருதங்கத்தின் வலந்தலை சிறியது, விறைப்பானது. தொப்பி எனப்படும் இடப்பக்கம் அகலமானது, தளர்வானது. கச்சேரிக்கு முன் அதன் நடுவே ரவையைப் பிசைந்து அப்பிக் கனம் கூட்டுவார்கள். அந்தக் கனத்தில்தான் "தோம்" பிறக்கிறது. வலந்தலையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தோம் வராது. உள்ளே இருக்கும் காற்றை மெதுவாகவும் அகலமாகவும் அசைக்க அதற்கு உடம்பு போதாது.

காரின் கதவில் இருக்கும் ஸ்பீக்கரும் வலந்தலை மாதிரிதான். சத்தம் என்பது காற்றின் அதிர்வு. ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம். நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆண்குரலின் அடித்தளம் சாதாரணமாக 85-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நாம் "பேஸ்" என்று சொல்வது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நடப்பதைத்தான்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. 80 ஹெர்ட்ஸில் ஒரு குறிப்பிட்ட அளவு சத்தம் தர ஸ்பீக்கரின் கூம்பு 1 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் தர அது 4 மில்லிமீட்டர் போக வேண்டும். 20 ஹெர்ட்ஸில் 16 மில்லிமீட்டர். அதிர்வு பாதியாகும் ஒவ்வொரு முறையும் கூம்பின் ஓட்டம் நான்கு மடங்காகிறது. கதவில் இருக்கும் 6 அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு தூரம் ஓட முடியாது. ஓட வைக்கப் பார்த்தால் "டப் டப்" என்று உடைந்த சத்தம்தான் வரும், அந்தக் குலுக்கலில் அதே ஸ்பீக்கரிலிருந்து வரும் குரலும் கலங்கிப்போகும்.

இந்த அடிமட்ட வேலைக்கென்றே பெரிய கூம்பும் நீண்ட ஓட்டமும் வைத்துச் செய்யப்பட்ட ஸ்பீக்கர்தான் சப்வூஃபர். 12 அங்குல சப்வூஃபரின் கூம்புப் பரப்பு 6 அங்குலத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால் அதே காற்றை அது அலட்டிக்கொள்ளாமல் தள்ளுகிறது.

வாங்குபவர்கள் எதிர்பார்க்காத நன்மை ஒன்று இதில் உண்டு. சப்வூஃபர் வந்ததும், கதவு ஸ்பீக்கர்களுக்கு இனி பேஸ் அனுப்பாமல் நிறுத்திவிடலாம். சுமை இறங்கியதும் அவை குரலையும் வயலினையும் முன்பைவிடத் தெளிவாகப் பாடும். நல்ல சப்வூஃபர் போட்ட காரில் நான் முதலில் கவனிப்பது பேஸை அல்ல, பாடகரின் மூச்சு கேட்கிறதா என்பதைத்தான்.

ஆக, இதுவரை: சின்ன ஸ்பீக்கர் பேஸில் தோற்பது தரக்குறைவால் அல்ல, உருவத்தால். பெரிய கூம்பு அந்த வேலையை எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி.

தெம்பு எங்கிருந்து வருகிறது?

செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் அடையாற்றில் வெள்ளம் போகிறது. அந்த வெள்ளத்தின் வேகம் அவருடைய கைவலுவா? இல்லை. ஏரியில் நிற்கும் தண்ணீரின் வலு. அவர் செய்தது எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொன்னது மட்டும்.

ஆம்ப் எனப்படும் ஆம்ப்ளிஃபையர் அந்த மதகு. ஏரி உங்கள் பேட்டரியும், அதை நிரப்பிக்கொண்டே இருக்கும் ஆல்டர்னேட்டரும். ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய மின் அலை, அதாவது சிக்னல், சக்கரத்தைத் திருப்பும் கை. கை எப்படி ஆடுகிறதோ அதே வடிவத்தில் பேட்டரியின் கரண்ட் ஸ்பீக்கருக்குப் போகிறது. ஆம்ப் தானாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. இதை மறந்துவிட்டுத்தான் பெரிய ஆம்ப்புக்கு மெல்லிய வயர் போடுகிறார்கள்.

சரி, கம்பெனி ஸ்டீரியோவுக்குள்ளும் ஒரு சின்ன ஆம்ப் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது நேரடியாகக் காரின் மின்சாரத்திலேயே ஓடுகிறது. என்ஜின் ஓடும்போது அது சுமார் 14.4 வோல்ட். அந்த உயரத்துக்குமேல் அலை எழும்ப முடியாது. 4 ஓம் ஸ்பீக்கரில் (ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அலகு) இதைக் கணக்குப் போட்டால், இழப்பு எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 26 வாட்தான் கிடைக்கும். நடைமுறையில் 20-ஐத் தொட்டாலே பெரிது. தனி ஆம்ப்புக்குள் ஒரு மாற்றி இருக்கிறது. அது 12 வோல்ட்டை முதலில் உயர்த்திக்கொண்டு, அப்புறம் மதகு வேலையைச் செய்கிறது. தரைத்தொட்டித் தண்ணீரை மோட்டார் போட்டு மாடித்தொட்டிக்கு ஏற்றிய பிறகு குழாயைத் திறப்பது மாதிரி. உயரம் கூடியதால் வேகம் கூடுகிறது.

அட்டையில் போட்டிருக்கும் வாட்ஸ்

"அப்படியென்றால் என் ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட், நான்கு சேனல் என்று போட்டிருக்கிறதே?" நியாயமான கேள்வி. (சேனல் என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் தனி வழி.) மேலே சொன்ன 14.4 வோல்ட்டை, இசை அலை போல வளைந்து ஏறி இறங்காமல், ஒரேயடியாக மேலே போய்ச் சமமாக நின்று ஒரேயடியாகக் கீழே விழும் சதுர அலையாக வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 52 வாட் வரும். 50 என்ற எண் அங்கிருந்துதான் பிறக்கிறது. அப்படி ஓடும்போது வருவது இசை அல்ல, இரைச்சல்.

நாம் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படும் எண்ணை. அது ஒரு கருவி உருக்குலையாமல் தொடர்ந்து தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய சக்தி. "மேக்ஸ்", "பீக்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பவை விற்பனைக்கான எண்கள்.

கடையில் நின்றபடியே சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆம்ப்பின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் பியூஸைப் பாருங்கள். அட்டையில் 3000 வாட் என்று இருக்கிறது, பியூஸ் 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 14-ஆல் பெருக்கினால் 420. அதாவது அந்த ஆம்ப் உள்ளே இழுக்கக்கூடியதே 420 வாட் அளவுதான், அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். 420 உள்ளே போய் 3000 வெளியே வராது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொருவரும் அந்த இடத்திலேயே பியூஸைக் குனிந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), காதுக்குக் கொஞ்சம் கூடியது போலத் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். அதனால் 250 வாட்டா 300 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாதாரணக் குடும்பக் காருக்கு 200 முதல் 300 ஆர்எம்எஸ் வாட் கொண்ட ஒற்றைச் சேனல் ஆம்ப்பும் ஒரே ஒரு சப்வூஃபரும் தாராளம் என்பது என் தீர்மானமான கருத்து.

சுருக்கமாக: ஆம்ப் மதகு, பேட்டரி ஏரி. ஆர்எம்எஸ் எண் மட்டும் பேசட்டும், பியூஸ் அதற்குச் சாட்சி சொல்லட்டும்.

கம்பெனி ஸ்டீரியோவிலிருந்து சிக்னல் எடுப்பது

முன்பெல்லாம் ஸ்டீரியோவையே கழற்றிவிட்டு வேறு மாட்டுவார்கள். இப்போதைய கார்களில் டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் அதோடு பின்னிக்கிடக்கின்றன. கம்பெனி செட்டை வைத்துக்கொண்டே வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சிக்கல் என்னவென்றால், தனியாக வாங்கும் ஸ்டீரியோக்களின் முதுகில் ஆம்ப்புக்கென்று ஆர்சிஏ எனப்படும் வட்டச் சொருகிகள் இருக்கும். அவற்றில் வருவது பெருக்கப்படாத மெல்லிய சிக்னல். கம்பெனி செட்களில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் வயர் மட்டும்தான் கைக்குக் கிடைக்கும். அதில் வருவது ஏற்கனவே பெருக்கப்பட்டது, வோல்ட் அதிகம். இதைக் கையாள இரண்டு வழி. ஆம்ப்பிலேயே ஹை லெவல் இன்புட் இருந்தால் பின்கதவு ஸ்பீக்கர் வயரை அப்படியே அதில் கொடுக்கலாம். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஹை-லோ கன்வெர்ட்டர் வைத்து, அந்தப் பெருத்த சிக்னலை ஆர்சிஏ அளவுக்குக் குறைத்துக் கொடுக்கலாம். புதிதாக வாங்குபவர் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்பையே கேட்டு வாங்குவது நல்லது. நடுவில் ஒரு கருவி குறைந்தால் நடுவில் ஒரு கோளாறும் குறையும்.

வயரை வெட்டி ஒட்டுவதைவிட, உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் வயரிங் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனி சொருகிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொள்ளும். நாளைக்குக் கழற்றினால் தடம் இருக்காது, வாரண்டியில் பேச்சு எழும் வாய்ப்பும் குறையும்.

ஆம்ப்பை எழுப்பவும் தூங்க வைக்கவும் ரிமோட் வயர் என்ற ஒரு மெல்லிய வயர் வேண்டும், பெரும்பாலும் நீல நிறம். அதில் 12 வோல்ட் வந்தால் ஆம்ப் விழிக்கும். சில ஆம்ப்கள் ஸ்பீக்கர் சிக்னலை உணர்ந்து தானாக விழித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு தவறினால் ஆம்ப் இரவெல்லாம் விழித்திருக்கும், காலையில் செல்ஃப் எடுக்காது.

சிவப்பு வயர், பியூஸ், எர்த்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். சத்தம் சரியில்லை என்றால் பாட்டுதான் கெடும், இது சரியில்லை என்றால் கார் எரியும்.

300 வாட் தரும் ஆம்ப் ஒன்று, தற்போது பரவலாக வரும் கிளாஸ் டி வகை, உள்ளே போவதில் சுமார் 80 சதவீதத்தை வெளியே தருகிறது என்றால், முழு மூச்சில் அது இழுப்பது 375 வாட். 14 வோல்ட்டில் அது ஏறத்தாழ 27 ஆம்பியர். இரண்டு ஹெட்லைட் பல்பும் சேர்ந்து இழுப்பது சுமார் 8 ஆம்பியர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதனால்தான் ஸ்டீரியோவுக்கு வரும் வயரிலிருந்தோ சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ ஆம்ப்புக்கு லைன் எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் வர வேண்டும். இந்த அளவு ஆம்ப்புக்கு 8 கேஜ் செம்பு வயர் போதும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

செம்பு என்றேனே, அதைச் சோதிக்க வேண்டும். விலை குறைந்த வயர்கள் பலவற்றில் அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு மட்டும் கொடுத்திருப்பார்கள். வயரின் ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம். அலுமினியம் செம்பைப் போல ஏறத்தாழ 60 சதவீதம்தான் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அதே வேலைக்கு இன்னும் தடித்த வயர் வேண்டியிருக்கும். வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு என்றால் கவலை வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய செம்பு.

அந்தச் சிவப்பு வயரில், பேட்டரியிலிருந்து அதிகம் போனால் 45 சென்டிமீட்டருக்குள், ஒரு பியூஸ் இருந்தே ஆக வேண்டும். "ஆம்ப்லயே பியூஸ் இருக்குதே சார்" என்று சொல்வார்கள். ஆம்ப்பின் பியூஸ் ஆம்ப்புக்கு. பேட்டரிப் பக்கப் பியூஸ் வயருக்கு. என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையின் விளிம்பில் வயர் உரசி உரசி, ஒருநாள் ரப்பர் உறை கிழிந்து பாடியைத் தொட்டது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளும், வயர் பழுத்துச் சிவக்கும். ஆம்ப்பின் பியூஸ் அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் கரண்ட் அதுவரை போகவே இல்லை. பேட்டரி அருகே பியூஸ் இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஓட்டை விளிம்பில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எர்த். பேட்டரியிலிருந்து போன கரண்ட் திரும்பி வர வேண்டுமே, அது காரின் உலோக உடல் வழியாகத் திரும்புகிறது. ஆம்ப்பின் கறுப்பு வயர் அந்த உடலைத் தொடும் இடம்தான் எர்த். என் பழைய காரில் ஆம்ப் மாட்டிய முதல் வாரமே ஒரு சத்தம் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் "ஙீ..." என்று கொசு போல ஏறும், காலை எடுத்தால் இறங்கும். மாட்டிய கடையில் முதலில் ஒரு ஃபில்டர் வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன். பிறகு ஆம்ப்பையே மாற்றலாம் என்றார்கள். மாற்றவில்லை. ஒரு ஞாயிறு காலை சீட்டைப் பின்னே தள்ளிவிட்டு, கறுப்பு வயர் போன வழியே விரலை ஓட்டினேன். அது தரைத் தகட்டில் ஒரு திருகின் கீழ் உட்கார்ந்திருந்தது. திருகைக் கழற்றிப் பார்த்தால், அடியில் கம்பெனி பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. பெயிண்ட்டுக்கு மேல் செம்பு. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது, திருகின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. உப்புத்தாளை மடித்து ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்தேன். பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கி, துரு பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கொசு போயிருந்தது.

அது ஏன் வந்தது? ஸ்டீரியோவும் ஆம்ப்பும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகின்றன. ஒரு இடம் மோசமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே சிறு வோல்ட் வேறுபாடு எழும். ஆல்டர்னேட்டரின் துடிப்பு அந்த வேறுபாட்டில் ஏறிக்கொண்டு சிக்னல் வயர் வழியே பாட்டுக்குள் நுழைகிறது. என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் எந்தச் சத்தத்துக்கும் முதலில் எர்த்தைப் பாருங்கள். எர்த் வயர் குட்டையாக, பவர் வயரின் தடிமனிலேயே இருக்க வேண்டும். சிக்னல் வயரையும் பவர் வயரையும் காரின் ஒரே ஓரமாகக் கொண்டு போகாமல் ஆளுக்கொரு பக்கம் அனுப்புவதும் உதவும்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள். அது மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் டப்பா. ஒரு ஃபேரட் அளவுள்ளது 300 வாட்டுக்குப் பத்தில் ஒரு விநாடி அளவுதான் தாக்குப்பிடிக்கும். முதலில் வயரும் எர்த்தும் பேட்டரியின் ஆரோக்கியமும்தான் பார்க்க வேண்டியவை.

இதுவரை: செம்பு வயர், பேட்டரி பக்கத்தில் பியூஸ், பெயிண்ட் சுரண்டிய எர்த். மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பெட்டி ஏன் வேண்டும்?

சப்வூஃபரை வெறுமனே கையில் பிடித்து ஓட்டினால் கூம்பு தாறுமாறாக ஆடும், ஆனால் பேஸ் வராது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு ஸ்பீக்கர் ஓரத்தைச் சுற்றி வருவது ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கத் தள்ளலும் பின்பக்க இழுப்பும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பின்பக்கத்தைப் பூட்டி வைப்பதுதான் பெட்டியின் வேலை.

முழுக்க மூடிய பெட்டி சிறியதாக இருக்கும், பேஸ் இறுக்கமாக நிற்கும். குழாய் வைத்த பெட்டியும் உண்டு. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் "கும்" என்ற நாதத்தை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பானைக்குள் இருக்கும் காற்று வாய் வழியே ஊசலாடுகிறது. குழாய்ப் பெட்டியும் அப்படித்தான்: குழாயில் இருக்கும் காற்று குறிப்பிட்ட அதிர்வில் ஊசலாடி, கூம்புக்குத் துணையாகச் சத்தம் தருகிறது. அதே வாட்டில் கூடுதல் பேஸ் கிடைக்கும். ஆனால் பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அந்தச் சப்வூஃபருக்கென்று கணக்கிட்டவையாக இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த பெட்டியில் போட்டால் ஒரே சுருதியில் "தொம் தொம்" என்று எல்லாப் பாட்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

எனக்கு மூடிய பெட்டிதான் பிடிக்கும். காரின் உள்பக்கம் சின்ன அறை என்பதால் அடிமட்ட பேஸ் அங்கே இயல்பாகவே தூக்கிக் கேட்கும். வீட்டில் சுமாராகக் கேட்கும் மூடிய பெட்டி காரில் நிறைவாக இருக்கும். டிக்கியில் மளிகைச் சாமானும் ஸ்ட்ரோலரும் வைக்க வேண்டியவர்களுக்குச் சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப் உள்ளேயே இருக்கும் தட்டைச் சப்வூஃபர் உண்டு. கண்ணாடி அதிராது, ஆனால் மிருதங்கத் தொப்பி கேட்கும். பலருக்கு அதுவே போதும்.

ஓம் பற்றி ஒரு பத்தி

ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு தடை. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓம், ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8 ஓம். தடை குறைந்தால் ஆம்ப் அதிகக் கரண்ட் தர வேண்டிவரும். உங்கள் ஆம்ப் குறைந்தது எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதற்குக் கீழே போகாதீர்கள், அவ்வளவுதான்.

கெய்ன் வால்யூம் அல்ல

ஆம்ப்பில் ஒரு சின்னத் திருகு இருக்கும், பெயர் கெய்ன். சப்வூஃபர்களைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். ஸ்டீரியோ தன் உச்சத்தில் தரும் சிக்னலும் ஆம்ப் தன் உச்சத்தில் தரும் சக்தியும் ஒரே நேரத்தில் நிகழுமாறு முடிச்சுப் போடுவதற்கான திருகு அது. வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிட்டால், ஸ்டீரியோ பாதி வால்யூமிலேயே ஆம்ப் கூரையை இடித்துவிடும்.

கூரை என்று சொல்வது காரணத்தோடுதான். ஆம்ப்பால் ஒரு அளவுக்குமேல் வோல்ட் தர முடியாது. அலை அதற்குமேல் எழ முயன்றால் தலை தட்டையாக வெட்டப்படும். இதைக் கிளிப்பிங் என்கிறோம். வெட்டப்பட்ட அலை, முன்பு பார்த்த சதுர அலையை நெருங்குகிறது. அதே உயரத்தில் சதுர அலைக்கு இரண்டு மடங்கு சக்தி. சப்வூஃபருக்குள் இருக்கும் செம்புச் சுருள் சூடேறி, வாசனை வர ஆரம்பிக்கும். கருகிய வார்னிஷ் வாசனை. அது வந்தால் வண்டியை ஓரம் கட்டி உடனே ஆம்ப்பை நிறுத்துங்கள்.

சரியாக வைக்க ஒரு மல்டிமீட்டர் போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, கெய்னை முழுக்கக் குறைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஸ்டீரியோவின் முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெய்னை மெதுவாக ஏற்றுங்கள். எங்கே நிறுத்துவது? வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 1200-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 34.6 வோல்ட். அங்கே நிறுத்திவிட்டு, இனி அந்தத் திருகைத் தொட வேண்டாம்.

பக்கத்தில் இன்னொரு திருகு இருக்கும். ரவை சலிக்கும் சல்லடை போல, ஒரு அளவுக்குக் கீழே உள்ள அதிர்வை மட்டும் சப்வூஃபருக்கு விடுவது அதன் வேலை. பெயர் லோ பாஸ் ஃபில்டர். 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். டிக்கியிலிருந்து பாடகர் பாடுவது போலக் கேட்டால் அளவு மேலே போய்விட்டது என்று அர்த்தம்.

நம்ம ஊருக்கென்று சில

அக்னி நட்சத்திர வெயிலில் மூடிக்கிடந்த காருக்குள் ஸ்டியரிங்கிலேயே கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஆம்ப்பைக் கார்ப்பெட்டுக்கு அடியில் பொத்தி வைத்தால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்று நின்று போகும். சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள். சப்வூஃபர் பெட்டியின் மேலேயே ஆம்ப்பைத் திருகுவதும் கூடாது, அதிர்வில் உள்ளே இருக்கும் பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும்.

அடுத்தது மழை. 2024 அக்டோபரில் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை மறந்திருக்க மாட்டோம். காருக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது தரை, அதாவது சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப். தண்ணீர் நிற்கும் பகுதியில் குடியிருப்பவர்கள் பின்சீட்டின் முதுகில் உயரமாக மாட்டுவது நல்லது. நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்க வேண்டாம், முதலில் பேட்டரி பக்கப் பியூஸைப் பிடுங்குங்கள்.

அடுக்குமாடி வாசலில் இரவில் பாட்டை நிறுத்தாமல் காரை நிறுத்துபவர்களுக்கும் ஒன்று. நீண்ட அலைகளைச் சுவர் எளிதில் தடுக்காது. உங்களுக்குப் பாட்டு, மூன்றாவது மாடியில் தூங்கும் குழந்தைக்கு வெறும் "தும் தும்". இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு.

கடைசியாக, காதால் ஒரு சரிபார்ப்பு

எல்லாம் மாட்டி முடிந்ததும், போக்குவரத்து அடங்கிய நேரத்தில் ஈசிஆர் பக்கம் ஓரமாக நிறுத்துங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பேஸ் கிட்டாரும் குரலும் தெளிவாக இருக்கும், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டைப் போடுங்கள். ஆம்ப்பில் ஃபேஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 0, 180 என்று இரண்டு நிலை. சப்வூஃபர் முன்னே தள்ளும்போது கதவு ஸ்பீக்கரும் முன்னே தள்ளுகிறதா, எதிராக இழுக்கிறதா என்பதை அது மாற்றும். பக்கத்தில் ஒருவரை அனுப்பி அதை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எந்த நிலையில் பேஸ் நிறைந்து முன்னால் வருகிறதோ அதுவே சரி.

பிறகு சப்வூஃபர் அளவுக்கென்று தனிக் குமிழ் இருந்தால் அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், டிக்கியில் ஒன்று ஓடுகிறது என்ற நினைவே வராத இடம்வரை. கிட்டார் டாஷ்போர்டுக்கு மேலே, பாடகருக்குப் பக்கத்தில் நிற்பது போலக் கேட்கும். இப்போது ஆம்ப்பை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். பாட்டின் அடித்தரை திடீரென்று உருவப்பட்டது போலத் தெரிந்தால், அளவு சரியாக அமைந்திருக்கிறது.